நாற்பத்தெட்டுப் பல்: ஒரு தோட்டத்துச் சைக்கிளின் வரலாறு

பிரேம்

எங்கள் வீட்டுப் பின்பக்கம், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில், தாத்தாவின் ராலே சைக்கிள் பதினான்கு வருஷம் சாய்ந்து கிடந்தது. 2007இல் அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. தூக்கிப் போடவும் இல்லை. பழைய இரும்பு வாங்குகிறவர் லாரியில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு செமோர் தாமான்களைச் சுற்றி வரும்போதெல்லாம் அம்மா பின்பக்கம் போய் அதை ஒருமுறை பார்ப்பார். பிறகு ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்துவிடுவார்.

2021 கடைசியில், நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்த சமயம், அதை ஃபிக்ஸியாக மாற்றுவது என்று முடிவெடுத்தேன். தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் தன்பாட்டுக்கு உருளும். 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வருமே, அதுதான் ஃப்ரீவீல். ஃபிக்ஸியில் அது கிடையாது. பின்சக்கரத்தோடு பல்சக்கரம் இறுக்கிப் பூட்டப்பட்டிருக்கும். சக்கரம் சுற்றும்வரை கால் சுற்றியே ஆகவேண்டும். நான் இடைநிலைப்பள்ளியில் படித்த 2010களின் தொடக்கத்தில் ஈப்போவில் பையன்கள் எல்லாம் பச்சை ரிம், ஆரஞ்சு செயின் என்று ஃபிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது வாங்க வசதியில்லை. ஆசை மட்டும் தங்கிவிட்டது.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் தோட்டத்தில் பிறந்தவர். லயத்திலிருந்து கிளம்பி, தொழிற்சாலை வேலைக்குப் போய், கடன் வாங்கி என்னை இயந்திரப் பொறியியல் படிக்கவைத்தவர். "அந்த சைக்கிள விட்டு நான் எறங்க முப்பது வருஷம் ஆச்சு. நீ படிச்சிட்டு வந்து திரும்ப ஏறுறியா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரையைக் கொஞ்சம் தாமதமாக வந்த பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்று வருஷம் எடுத்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒவ்வொரு பாகமாக வாங்கி மாற்றினேன். ஒரு பாகத்தைக் கழற்றும்போது அது எங்கிருந்து வந்தது, யார் முதலில் செய்தார்கள் என்று தேடிப் படிப்பது பழக்கமாகிவிட்டது. அப்படிப் படித்ததில் என் மனதிலிருந்த ஒரு வரிசை தலைகீழானது. முதலில் தோட்டம் வந்தது, தமிழர்கள் வந்தார்கள், அப்புறம் எப்போதோ அவர்களுக்கு ஒரு சைக்கிள் கிடைத்தது என்றுதான் நினைத்திருந்தேன். நடந்தது வேறு. சைக்கிள்தான் முதலில்.

டயர்

முதலில் மாற்றியது டயர். தாத்தாவின் பழைய டயர் கையில் எடுத்ததும் கருவாட்டுத் தோல் மாதிரி உதிர்ந்தது.

காற்றடைத்த டயரை 1888இல் ஜான் பாய்ட் டன்லப் செய்தார். அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் இருந்த மாட்டு வைத்தியர் அவர். மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை. அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால், 1885இல், இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்திருந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, நடுவில் மிதி, பின்சக்கரத்துக்குச் செயின். இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் உருவம் அது. இந்த இரண்டும் சேர்ந்ததும் 1890களில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சைக்கிள் பைத்தியம் பிடித்து அலைந்தன. கார் அப்போது பணக்காரர்களின் விளையாட்டுப் பொருள். ஃபோர்டின் மாடல் டி வந்தது 1908இல். ஆகவே உலகத்தை ரப்பருக்காக முதலில் ஓடவைத்தது சைக்கிள் டயர். கார் அப்புறம் வந்து அந்தப் பசியைப் பல மடங்காக்கியது.

அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது? முதலில் அமேசான் காட்டிலிருந்து, பிறகு பெல்ஜிய மன்னர் லியோபோல்ட் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்த காங்கோவிலிருந்து. காங்கோவில் ஒதுக்கிய அளவு ரப்பர் கொண்டுவராத கிராமங்களில் கைகள் வெட்டப்பட்டன. ரோஜர் கேஸ்மென்ட் எழுதி 1904இல் வெளியான அறிக்கை அதை உலகத்துக்குச் சொன்னது. லண்டனிலும் பாரிஸிலும் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் உலா போனவர்களுக்கு அடியில் சுழன்றது அந்த ரப்பர்தான்.

நம் பக்கம் கதை இன்னும் கிட்டத்தில் நடந்தது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் கித்தா விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அதில் ஒன்பது கோலாகங்சாரில் நடப்பட்டன. செமோரிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம்கூட ஆகாத அதே கோலாகங்சார். ஆனால் அடுத்த பத்து வருஷம் அந்த மரங்களை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. விதையும் இருந்தது, மண்ணும் இருந்தது, தேவை இல்லை. 1888இல் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்றார். டன்லப் டயர் செய்த அதே வருஷம். மரத்தைக் கொல்லாமல் தினமும் பட்டையை மெல்லிசாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை ரிட்லி உருவாக்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்க் கித்தா நடச்சொன்னவரைப் பலர் கிண்டல் செய்தார்கள். 1910இல் லண்டன் சந்தையில் ரப்பர் விலை ஒரு பவுண்டுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டியபோது கிண்டல் நின்றது.

மரம் வந்தால் போதாது, கை வேண்டுமே. 1907இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடிநுழைவு நிதியின் செலவில் கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல்கள் பினாங்குக்கு வந்தன. என் பூட்டனும் அந்த வழியில்தான் வந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். டன்லப் கம்பெனியே 1910 வாக்கில் மலாயாவில் நிலம் வாங்கிக் கித்தா நடத் தொடங்கியது. யாரோ ஒருவர் குலுங்காமல் சைக்கிள் ஓட்ட ஆசைப்பட்டார், அந்த ஆசை ஒரு இருபது வருஷத்தில் காவிரிக் கரையிலிருந்து கிந்தா பள்ளத்தாக்குவரை ஆட்களை இழுத்துக்கொண்டு வந்தது. நம்மவர்கள் சைக்கிளுக்காக வரவழைக்கப்பட்டவர்கள். அதில் ஏற அவர்களுக்கு இன்னும் ஒரு தலைமுறை ஆனது.

பல்சக்கரம்

இரண்டாவது வேலை பின்சக்கரம். பழைய ஹப்பை எடுத்துவிட்டு, வெலோட்ரோம் சைக்கிளுக்கான ஹப் உள்ள புது சக்கரம் வாங்கினேன். ராலேயின் பின்கவை அதைவிடக் குறுகலானது. நல்லவேளையாக இரும்பு. மெதுவாக விரித்தால் இடம் கொடுக்கும். இந்த ஹப்பில் இரண்டு மரை உண்டு. பல்சக்கரம் வலப்பக்கமாகத் திருகி ஏறும், அதன்மேல் வரும் பூட்டுவளையம் இடப்பக்கமாகத் திருகி ஏறும். காலால் பின்னுக்கு அழுத்தி வேகம் குறைக்கும்போது பல்சக்கரம் கழலப் பார்க்கும். அதே அசைவு பூட்டுவளையத்தை இறுக்கும். சின்ன யோசனைதான், ஆனால் எனக்கு ஒரு நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் போதுமானதாக இருந்தது.

இந்த ஃபிக்ஸி ஏதோ இளைஞர்களின் புது நாகரிகம் என்று நினைக்கிறோம். உண்மையில் அதுதான் ஆதி வடிவம். ஸ்டார்லியின் ரோவரில் ஃப்ரீவீல் கிடையாது. அது பரவலானது 1900ஐ ஒட்டித்தான். அதற்குப் பிறகு பூட்டிய சக்கரம் பந்தய மைதானங்களுக்குள் ஒதுங்கியது. 1899இல் உலகச் சாம்பியனான கறுப்பின அமெரிக்கர் மேஜர் டெய்லர் ஓட்டியது அதுதான். 2017இல் கெய்ரின் பந்தயத்தில் உலகச் சாம்பியனான நம் அசிசுல்ஹஸ்னி அவாங் ஓட்டுவதும் அதுதான். மைதானத்திலிருந்து அதை மறுபடி தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் நியூயார்க்கில் கடிதம், பொட்டலம் சுமந்த சைக்கிள் தூதர்கள். கழன்று விழப் பாகங்கள் குறைவு, பழுது குறைவு, செலவு குறைவு. வேலைக்கு ஓட்டுகிறவனின் கணக்கு அது.

தாத்தாவின் கணக்கும் அதேதான். அவர் சைக்கிளில் ஃப்ரீவீல் இருந்தது, மற்றபடி தேவையில்லாத ஒரு பொருள் கிடையாது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், பேர் கொடுத்து, இருட்டிலேயே நிரைக்குப் போவார். குளிர்ந்த நேரத்தில்தான் பட்டைக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் மங்கில் சொட்டுவது நின்றுவிடும். முந்நூறு, நானூறு மரம் வெட்டி முடித்து, பால் சேர்த்து, வாளிகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஸ்டோருக்கு மிதிப்பார். இருபது லிட்டர் கொள்ளும் இரண்டு வாளி என்றால் நாற்பது கிலோவுக்குக் கிட்டே வரும். அது திரவம் வேறு, பள்ளத்தில் இறங்கினால் ஒரு பக்கமாகச் சரியும். சைக்கிள் இல்லாதவர்கள் அந்த எடையைக் காண்டா கம்பில் தோளில் சுமந்தார்கள். தாத்தாவின் அம்மா அப்படிச் சுமந்தவர்.

அதனால் அவருடைய முன் பல்சக்கரத்தை மட்டும் மாற்றவில்லை. ராலேயின் கொக்குச் சின்னம் வெட்டிய 48 பல் சக்கரம் அது. பின்னால் 16 பல் போட்டேன். கணக்குச் சரியாக வந்ததில் மகிழ்ச்சி. 48ஐ 16ஆல் வகுத்தால் மூன்று, ஒரு மிதிக்கு மூன்று சுற்று. தப்பு அங்கேதான். காலைப் பூட்டிப் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு நிறுத்தும்போது, மிச்சமில்லாமல் வகுபட்டால் ஒவ்வொரு முறையும் டயரின் ஒரே இடம்தான் ரோட்டில் தேயும். இரண்டே மாதத்தில் அந்த இடத்தில் உள்துணி தெரிந்தது. 17 பல்லுக்கு மாற்றினேன். 48க்கும் 17க்கும் பொது வகுத்தி இல்லை, தேய்மானம் பதினேழு இடத்துக்குப் பிரிந்துபோனது. படித்த இஞ்சினியர் முதலிலேயே போட்டிருக்கவேண்டிய கணக்கு. ஒரு வெட்டுக்கு ஒரு மரம் கொடுப்பது சில பத்து கிராம் உலர் ரப்பர்தான் என்று பிறகு படித்தபோது, நான் விளையாட்டாக ரோட்டில் தேய்த்துவிட்டது எத்தனை மரத்தின் காலை என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

ரிம்

ஒரு சனிக்கிழமை கிளேபாங் அருகே டயர் வெடித்தது. வேறு டியூப் கையில் இல்லை. தள்ளிக்கொண்டு வரும்போது ரிம் தாரில் உரசி எழுப்பிய சத்தம் கேட்டுக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதே ரோட்டில் எண்பது வருஷத்துக்கு முன்னால் கேட்ட சத்தம் அது.

1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் கோத்தாபாருவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. அந்தப் படையெடுப்பின் திட்டத்தில் முக்கியப் பங்கு வகித்த கர்னல் சூஜி மசனோபு, ஒரு டிவிஷனுக்கு ஏறக்குறைய 6,000 சைக்கிள்கள் இருந்ததாக எழுதியிருக்கிறார். பாலங்களை ஆங்கிலேயர் உடைத்தார்கள். இவர்கள் சைக்கிளைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்தார்கள். பழுதானால் கவலையில்லை. போருக்கு முன்பே மலாயாவின் சிறு ஊர்களில்கூட மலிவான ஜப்பானிய சைக்கிள்கள் விற்கப்பட்டிருந்ததால் உதிரிப் பாகம் எங்கும் கிடைத்தது. கிடைக்காவிட்டால் மக்களின் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

டிசம்பர் கடைசி வாரத்தில் அந்தப் படை சுங்கை சிப்புட்டைத் தாண்டி இந்த ரோட்டில் வந்தது. செமோர் வட்டாரத்தில் 12ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிகேட் பின்வாங்கிக்கொண்டே சண்டை போட்டது. ஓரிரு நாளில் ஈப்போ போனது. வெயிலிலும் சுமையிலும் டயர்கள் வெடித்தபோது ஜப்பானியர் டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டினார்கள். நூற்றுக்கணக்கான ரிம்கள் ஒன்றாகத் தாரில் உருளும் சத்தம் இராத்திரியில் டாங்கிகள் வருவதுபோல் கேட்டதாம்.

அந்தக் காலத்தில் உலகிலேயே அதிகமாக ரப்பர் எடுத்த நாடு மலாயா. ரோட்டின் இரண்டு பக்கமும் கித்தா மரங்கள். நடுவில் டயர் இல்லாத சைக்கிளில் ஒரு படை. பால் எடுத்தவர்களுக்கு அந்த வெற்றி என்ன கொடுத்தது என்பது நமக்குத் தெரியும். ரப்பர் வாங்க ஆளில்லாமல் தோட்டங்கள் படுத்தன, வேலை போனது, பல்லாயிரம் தமிழர்கள் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு ஏற்றிச் செல்லப்பட்டார்கள். ஆர். சண்முகமும் அ. ரங்கசாமியும் அந்த ரயிலை நாவல்களில் எழுதிவைத்தார்கள். கப்பலும் ரயிலும் நம் கதைகளின் நடுவில் நிற்கின்றன. சைக்கிள் வாசலில் சாய்த்தே வைக்கப்பட்டிருக்கிறது.

குழாய்

பிரேமுக்குச் சாயம் அடிப்பதற்கு முன் மிதி அச்சைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏதாவது இருக்கும் என்ற சின்ன எதிர்பார்ப்பு. துருத் தூளும் காய்ந்த எறும்புக் கூடும்தான் இருந்தன.

அந்த எதிர்பார்ப்புக்குக் காரணம் உண்டு. 1948 ஜூன் 16 காலையில், சுங்கை சிப்புட் பக்கம் எல்ஃபில் தோட்ட அலுவலகத்துக்கு மூன்று பேர் சைக்கிளில் வந்தார்கள். நிர்வாகி வாக்கரைச் சுட்டுவிட்டு, வந்தபடியே சைக்கிளில் போனார்கள். அன்று காலையே அதே வட்டாரத்தில் இன்னொரு தோட்டத்தில் மேலும் இரண்டு துரைமார்கள் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, 1960வரை நீடித்தது. காட்டுக்குள் இருந்தவர்களுக்குச் சோறு போகாமல் தடுப்பது அரசாங்கத்தின் பெரிய ஆயுதம். சைக்கிள் பம்பிலும், பிரேம் குழாயிலும், அடியில் இரட்டைத் தட்டு வைத்த பால் வாளியிலும் அரிசி கடத்தினார்கள் என்பதால், வேலைக்குப் போகிற ஒவ்வொருவரையும் கேட்டில் நிறுத்தித் தடவிப் பார்த்தார்கள். ஊரடங்கு இருந்த இடங்களில் விடியும்வரை வெளியே போக முடியாது. பால் ஓடுகிற நேரமோ விடியுமுன். நேரம் தவறினால் பால் குறையும், பால் குறைந்தால் சம்பளம் குறையும். காட்டிலிருந்து ஒரு பக்கம் மிரட்டல், கேட்டில் இன்னொரு பக்கம் சந்தேகம். தாத்தா அப்போது சின்னப் பையன். தன் அப்பாவின் சாப்பாட்டுத் தூக்கைச் சிப்பாய் திறந்து குச்சியால் கிளறியதைக் கடைசிவரை சொல்வார். பெரிய ஆளானதும் அந்தக் கேட்டைத் தாண்டிப் போகத்தான் சைக்கிள் வாங்கினேன் என்பார்.

அது பொய்யில்லை. சைக்கிள் இருந்தால் செமோர் பட்டணம், தமிழ்ப் படம், தமிழ் நேசன், சங்கக் கூட்டம். 1960களில் தோட்டத் துண்டாடல் வந்து அவருடைய தோட்டம் கைமாறியபோது, தூரத்தில் இருந்த வேறு தோட்டத்துக்கு மிதித்துப் போய் வெட்டிப் பிழைத்ததும் இதே ராலேயால். தோட்டம் சைக்கிளுக்காக உண்டானது. தோட்டத்திலிருந்து ஒரு ஆள் வெளியே போகவும் சைக்கிள் தேவைப்பட்டது.

பிரேக்

முதலில் பிரேக் இல்லாமல்தான் ஓட்டினேன். ஃபிக்ஸி ஓட்டுகிறவர்களிடையே அது ஒரு கெத்து. ஒருநாள் தாசேக் பக்கம் சிக்னலில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று திடீரென்று நின்றது. காலைப் பூட்டினேன், சக்கரம் வழுக்கிக்கொண்டே போனது. லாரியின் பின்விளக்குக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன். வேகம் குறையும்போது உடல் எடை முன்னுக்குப் போகும், பின்சக்கரத்துக்குப் பிடிப்பு குறையும். முன் பிரேக்தான் உண்மையில் நிறுத்துவது. இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான்.

வீட்டுக்கு வந்தும் கை நடுக்கம் நிற்கவில்லை. 2017 பிப்ரவரியில் ஜோகூர்பாருவில் விடியுமுன் கார் மோதி இறந்த எட்டுப் பையன்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் ஓட்டியது பிரேக் கழற்றப்பட்ட லாஜாக் சைக்கிள்கள். பதின்மூன்று முதல் பதினாறு வயது. நம் நாட்டில் அந்த வயதுப் பையனுக்குப் பணம் இல்லாமல் கிடைக்கிற வேகம் அது ஒன்றுதான். அவர்களை மோசமாகப் பேசியவர்களில் நானும் ஒருவன். நானோ சம்பளம் வாங்கிக்கொண்டு அதையே செய்துகொண்டிருந்தேன்.

பிரேக் போடலாம் என்றால் தாத்தாவின் முன்கவை கம்பி பிரேக்குக்கானது. வேறு கவை வாங்கலாம் என்றால் மரை ஒத்துவரவில்லை. மற்ற கம்பெனிகள் அங்குலத்துக்கு 24 மரை போட்டால், ராலே தனக்கென்று 26 வைத்திருந்தது. கடைசியில் ஒரே வழி, கவையின் உச்சியில் மட்கார்டுக்கு இருந்த துளையைப் பெரிதாக்குவது. தாத்தாவின் இரும்பில் டிரில் வைக்க எனக்குத் தயக்கம். வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்தார்.

"கோணலா புடிக்கிற. இங்க குடு."

தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் இருந்த கை. எண்ணெய் விட்டு, நிறுத்தி நிறுத்தி, ஐந்து நிமிஷத்தில் முடித்தார். துளையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க அப்பா இதுல என்ன முன்னாடி கம்பியில உக்கார வெச்சி ஸ்கூலுக்குக் கொண்டு போவாரு. பிரேக் புடிச்சா கிறீச்சுனு கத்தும். பசங்க சிரிப்பானுங்க" என்றார். அதற்கு முன் அவர் அதைச் சொன்னதே இல்லை.

மரம்

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் கோலாகங்சாருக்கு மிதித்தேன். காந்தான் சுண்ணாம்பு மலை, சுங்கை சிப்புட், பிறகு ஏற்ற இறக்கம். முப்பது கிலோமீட்டருக்கு மேல் கால் ஒரு கணம் ஓயவில்லை. வழியில் கித்தா மரங்களைத் தேடிப் பார்க்கவேண்டியிருந்தது. பெரும்பாலும் செம்பனை, இல்லாவிட்டால் வீட்டுமனை. 1980களின் கடைசிவரை ரப்பரில் உலகின் முதல் நாடாக இருந்தோம். இப்போது அந்த இடம் தாய்லாந்துக்கு.

கோலாகங்சாரில் 1877இல் நட்ட ஒன்பதில் ஒன்று இன்னும் நிற்கிறது. சுற்றிலும் வேலி, ஒரு அறிவிப்புப் பலகை. பலகையில் விதை கொண்டுவந்தவர் பெயர் இருக்கிறது. பால் வெட்டியவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை. சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். டயரின் பக்கவாட்டில் 'தாய்லாந்தில் செய்யப்பட்டது' என்று பொடி எழுத்து.

போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். மரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "வர்றப்ப எறக்கத்துல பிரேக்க புடிச்சிக்கிட்டே வா" என்று குரல் செய்தி அனுப்பியிருந்தார்.